சீல்காரருக்கு ஒரு சர்க்கார் மெயில்

சீல்காரர் எதையும் லேசில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. நம்பாமல் இருப்பதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. கடைத்தெருவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடை அவருடையது. "ஒரு ஆபீஸ் சீல் வேணும்" என்று யாராவது வந்து நின்றால், எந்த ஆபீஸ், அனுமதிக் கடிதம் எங்கே, அதில் கையெழுத்துப் போட்டவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதுவரை குடைந்து எடுத்துவிட்டுத்தான் ரப்பரைத் தொடுவார். ஊரிலுள்ள பாதி ஆபீஸ்களின் வட்ட சீல் அவர் கைவேலை. அதனால் சர்க்கார் எப்படிப் பேசும், எப்போது தும்மும் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

இன்னொரு நினைப்பும் உண்டு. தன் கண் கழுகுக் கண் என்பது அது. கடுகத்தனை எழுத்தை, அதுவும் இடம் வலம் மாறி, கண்ணாடி போடாமல் கோத்துப் படிக்கிறவர் வேறென்ன நினைப்பார்? கைக்கெட்டும் தூரம்வரை அது கழுகுதான். கையைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோழியாகிவிடும். ஒருநாள் தெருமுனைத் தபால்பெட்டியைப் பக்கத்துத் தெரு வாத்தியார் என்று நினைத்து "வணக்கம் சார்" என்றார். பதில் வரவில்லை. வாத்தியார்மேல் அவருக்கு இன்றுவரை மனஸ்தாபம்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கார் ஓட்டினார். பக்கத்து சீட்டில் மனைவி.

"சிவப்புங்க, நில்லுங்க."

"தெரியுது, தெரியுது."

"அது கம்பம்ங்க... ஐயோ, கம்பம் இல்ல, ஆளு! ஆளுங்க!"

அவள் பயந்த சுபாவம் என்று சீல்காரர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். காரின் நாலு மூலையிலும் இருந்த நெளிசல்களுக்கு, இடம் பார்த்துக் கட்டப்படாத அடுத்தவர் சுவர்களே காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடப்பவன் என்று ஊர் வாயில் விழக்கூடாது. வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாம் என்றாள், வெள்ளை அடித்தார். பெரிய டீவி வாங்கலாம் என்றாள். தையல் மெஷின் வாங்கிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் தானே ஜெயித்ததாக அவருக்குப் பரம திருப்தி. தோற்றுப்போன மனைவி எதற்காகத் தையல் மெஷினைத் தடவிக்கொடுத்துச் சிரிக்கிறாள் என்று மட்டும் அவர் யோசித்ததில்லை.

அவளும் ஒரே ஒரு தடவை, அசந்து மறந்து, நேராகச் சொல்லிவிட்டாள். "ஏங்க, கண் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வாங்களேன்." அவ்வளவுதான். அன்றிலிருந்து கண் டாக்டர் இருக்கும் தெருவழியாகப் போவதைக்கூட சீல்காரர் நிறுத்திவிட்டார்.

இப்படியாகக் குடும்பம் நடந்துகொண்டிருக்கையில், மகள் கைக்குழந்தையோடு வெள்ளிக்கிழமை ரயிலில் வருவதாகப் போன் வந்தது. முதல் பேத்தி. சீல்காரர் கடைக்கு லீவு விட்டுவிட்டுக் காரைக் கழுவ ஆரம்பித்தார். மகள் பிறந்தபோது அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில், கொட்டுகிற மழையில், குழந்தையைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வாடகை வண்டிக்காகக் கெஞ்சிக்கொண்டு நின்றார். அந்த ஈரம் இன்னும் அவர் மனசில் காயவில்லை. பேத்தியாவது தாத்தாவின் சொந்தக் காரில், தாத்தா ஓட்ட, வீட்டுக்கு வரவேண்டும். இந்த ஒன்றுதான் அவர் ஆசை.

அவர் காரைக் கழுவக் கழுவ, ஜன்னலில் நின்ற மனைவி அதன் நெளிசல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரே ஆசைதான். பேத்தி முழுசாக வீட்டுக்கு வந்து சேரவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மெயில் வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார் சீல்காரர். வாகன உரிமத் துறையாம். 'அன்புள்ள உரிமதாரரே, தங்கள் கண்பாவைச் சான்று காலாவதியாகிவிட்டது. கீழே உள்ள இணைப்பை அழுத்தித் தங்கள் விவரங்களை உடனே பதியவும். தவறினால் வெள்ளிக்கிழமை முதல் தங்கள் ஓட்டுநர் உரிமம் ரத்து. நன்றி.' அடியில் ஒரு வட்ட சீல்.

வெள்ளிக்கிழமையா? போனோடு உள்ளே ஓடினார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். ஒரு பீன்ஸ் நறுக்குகிற நேரம் யோசித்தாள்.

"போலிங்க இது" என்றாள்.

சீல்காரருக்கும் அது போலியாகத்தான் இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை. போலி என்றால் நிம்மதியாக வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்கலாம். ஆனால் அதை இவள் எப்படிச் சொல்லலாம்?

"எப்படிச் சொல்றே?"

"பார்த்தாலே தெரியுதே."

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா? இந்த ஊர்ல பாதி ஆபீசுக்கு சீல் செஞ்சு குடுத்தவன் நான்."

"அப்ப சீலைப் பார்த்துச் சொல்லுங்க."

சீல்காரர் படத்தைப் பெரிதாக்கினார். ஓரம், எழுத்து, நடு நட்சத்திரம் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். முகம் சுருங்கியது.

"ரொம்பச் சுத்தமா விழுந்திருக்கு. சர்க்கார் சீல்னா ஒரு பக்கம் மை அப்பியிருக்கணும், இன்னொரு பக்கம் இருக்கிறதே தெரியக்கூடாது. நான் செஞ்ச சீலையே அவங்க அப்படித்தான் குத்துவாங்க."

"அதைத்தானே நானும் சொன்னேன். போலி."

"அவசரப்படாதே. புதுசா மை வாங்கியிருக்கலாம்."

"சரி, போலிதானே, அந்த லிங்கைத்தான் ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்களேன். என்ன ஆயிடப் போகுது?"

"உனக்கு மூளை இருக்கா? போலியா இருந்தா அமுக்கவே கூடாதுடி! வீட்டையே உருவிட்டுப் போயிடுவான்."

"அப்ப போலின்னு ஒத்துக்கறீங்க?"

"எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"அப்ப நிஜம்னா அமுக்குங்க."

"அமுக்க மாட்டேன்!"

"ஏன்?"

ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. போலி என்றால் அமுக்கக்கூடாது. நிஜம் என்றால் அமுக்கவேண்டும். ஆனால் அமுக்கச் சொல்வது இவள். தலையைச் சுற்றியது. அமுக்குவதில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கப் போறேன். நீ காலைல வாக்கிங் போற வேலையை மட்டும் ஒழுங்காப் பாரு. மாசக்கணக்கா நடக்கிறேன்னுதான் பேரு, இடுப்புல ஒரு மடிப்பாவது குறைஞ்சிருக்கா?"

"என்ன பண்றது, உடம்பு வாகு" என்றாள் மனைவி, பீன்ஸைப் பார்த்துக்கொண்டே.

விஷயம் தெரிந்தவர் எதிர்வீட்டு சூப்ரண்டு. ஆயுசில் பாதியை ஆபீஸ் சூப்பரின்டெண்டென்டாகக் கழித்து ரிட்டையர் ஆனவர். இப்போதும் வீட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து, காபி கேட்டால்கூட "பரிசீலிக்கிறேன்" என்கிற ஆசாமி. மெயிலை வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"'அன்புள்ள'ன்னு போட்டிருக்கே! நான் சர்வீஸ்ல ஒருத்தரையும் அன்பா கூப்பிட்டதில்லை. இது போலி."

"அப்பாடா!"

"பொறுங்க. 'கண்பாவை'ன்னு இருக்கே. கண்பார்வைன்னுதானே வரணும்?"

"பிழையா எழுதியிருக்கான் சார். அப்ப போலிதான்."

"நீங்க ஒண்ணு! பிழை இல்லாம எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு காகிதம் வெளியில போனதில்லை. பிழை இருந்தா அது அசல்."

"அசலா?"

"இருங்க, வெள்ளிக்கிழமை கெடு வெச்சிருக்கான். சர்க்கார் கெடு வெச்சா, அந்தக் கடிதம் கெடு முடிஞ்சப்புறம்தான் கைக்கு வரும். இது முன்னாடியே வந்திருக்கு. ரொம்பச் சந்தேகமா இருக்கு."

"போலி?"

"ஆனா ரத்துன்னு மிரட்டறான் பாருங்க. மிரட்டல்ல ஒரு ஒரிஜினாலிட்டி இருக்கு."

"சார், கடைசில 'நன்றி'ன்னு இருக்கு."

சூப்ரண்டு அதிர்ந்துபோனார். "நன்றியா? எங்க?" கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சத்தியமா போலி. ஆனா..."

"இன்னும் என்ன ஆனா?"

"இப்பல்லாம் சின்னப் பசங்க வேலைக்கு வந்துட்டாங்க. மரியாதையாப் பேசிப் பழகிட்டாங்க. ஒண்ணும் சொல்றதுக்கில்லை. எதுக்கும் போன் போட்டுக் கேட்டுடுங்க."

போலி என்று போனவர் அசலாகி, அசலிலிருந்து போலியாகி, பாதிக்குப் பாதியாகத் திரும்பி வந்தார் சீல்காரர். மெயிலில் ஒரு நம்பர் இருந்தது. அடித்தார். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார்! உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றது ஒரு தேன் குரல்.

சீல்காரர் சூடுபட்டவர்போலப் போனை வைத்தார். ஒரு சர்க்கார் ஆபீஸ், முதல் மணியில் எடுத்து, உதவலாமா என்று கேட்கிறதா! பழைய லைசென்ஸ் உறையைத் தேடி எடுத்து, அதில் அச்சடித்திருந்த ஆபீஸ் நம்பரை அடித்தார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. காபி குடித்து, பேப்பர் படித்து, குளித்துவிட்டு வந்து அடித்தபோதும் அடித்துக்கொண்டே இருந்தது.

"இதுதான் நிஜமான ஆபீஸ்" என்றார் பரவசமாக. "ஆனா எடுக்க மாட்டேங்கறானே."

"அதான் போலின்னு நான் சொல்லிட்டேனே" என்றாள் மனைவி. "அந்த மெயிலை அழிச்சிட்டு நிம்மதியா இருங்க."

"நீ சொல்லிட்டா ஆச்சா?"

"பின்னே யார் சொல்லணும்?"

"ஆபீஸ் சொல்லணும். நேர்லயே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "வேண்டாம்ங்க. சொன்னாக் கேளுங்க. அந்த ஆபீஸ் பக்கமே போகாதீங்க. வெட்டி அலைச்சல்."

சீல்காரர் கார் சாவியை எடுத்துவிட்டார்.

"போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு."

"அப்ப இருங்க, புடவை மாத்திட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி. போகாதே என்றவள் இத்தனை சீக்கிரம் புடவை மாற்றிக்கொண்டு வந்ததில்லை.

வழியெல்லாம் "சிவப்பு", "லாரி", "குழி" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், உரிம ஆபீஸ் கேட்டுக்குள் வண்டி நுழைந்ததும் சீல் வைத்தமாதிரி வாயை மூடிக்கொண்டாள். சீல்காரர் இடம் தேடினார். அடடா, என்ன அருமையான இடம்! காலியாக, தரையெல்லாம் வெள்ளைக்கோடு போட்டு, வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் ஏதோ குச்சிகள். ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அப்புறம் சிலவும் விழுந்தன. வண்டியை நிறுத்தி இறங்கினார். ஓரத்தில் நின்ற ஒரு கூட்டம் எதற்கோ கைதட்டியது.

"நல்ல ஜனங்க" என்றார் சீல்காரர்.

லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை ஓட்டிக்காட்டச் சொல்லும் பரீட்சைத் தடம் அது என்பதை மனைவி சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

உள்ளே ஒரு நீளமான ஹால். வரிசையாகப் பெஞ்சுகள். கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா அம்மாள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். சீல்காரர் போனை நீட்டினார்.

"அம்மா, இந்த மெயில் நீங்க அனுப்பினதா? அசலா, போலியா? அது தெரியணும் எனக்கு."

"போர்டைப் பாருங்க" என்றாள், எழுதிக்கொண்டே.

"எந்தப் போர்டும்மா?"

"உங்களுக்குப் பின்னாடி. சுவர்ல."

சீல்காரர் திரும்பினார். ஹாலின் எதிர்க்கோடியில் சுவர் இருந்தது. சுவரில் வெள்ளையாக ஏதோ இருந்தது. வெள்ளையின்மேல் சிவப்பாக ஏதோ கலங்கலாக இருந்தது. காலண்டர் என்று நினைத்தார்.

"பார்த்தாச்சும்மா. மெயில் விஷயத்தைச் சொல்லுங்க."

"அதான் போர்டுல எழுதியிருக்கே. படிங்க. இந்த வாரம் பூரா இதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு."

சீல்காரருக்கு வேர்த்தது. பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள். கழுகு என்று பேர் வாங்கியவர் விட்டுக்கொடுக்க முடியுமா? ஆபீஸ் சுவரில் வேறென்ன எழுதியிருக்கப் போகிறார்கள் என்று துணிந்துவிட்டார்.

"வரிசையில் நிற்கவும்" என்றார் கம்பீரமாக.

"இல்லை."

"எச்சில் துப்பாதீர்."

"சார்..."

"லஞ்சம் வாங்குவது..."

குமாஸ்தா அம்மாள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "சார், நிஜமாவே உங்களுக்கு அது தெரியலையா?"

"தெரியாம என்ன? வெளிச்சம் பத்தலை. பக்கத்துல போய்ப் படிச்சுட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

அந்தச் சமயம் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு ஆய்வாளர் வந்தார். "பரீட்சைத் தடத்துல காரைக் கொண்டுபோய் நிறுத்தினது யாரு?" என்றார். கூட்டம் மொத்தமும் சீல்காரரைக் காட்டிக்கொடுத்தது.

ஆய்வாளர் அவரையும் பார்த்தார், போர்டையும் பார்த்தார். "சார், இங்கே நின்னே படிங்க."

"பக்கத்துல போனா கடுகு மாதிரி எழுத்தைக்கூடப் படிப்பேன் சார். என் தொழிலே அதுதான்."

"எதிர்ல லாரி வந்தா, பக்கத்துல போய்ப் பார்த்துட்டுத்தான் ஒதுங்குவீங்களா?"

ஆய்வாளர் கை நீட்டினார். சட்டைப்பையிலிருந்து எடுத்த லைசென்ஸ் சீல்காரரின் கையைவிட்டுப் போனபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்கெனவே கலங்கலாக இருந்த போர்டு சுத்தமாக மறைந்தது.

"வெள்ளிக்கிழமை என் பேத்தி வர்றா சார். நான்தான் கூட்டிட்டு வரணும்."

"அதுக்காகவாவது கண்ணைக் காட்டிக் கண்ணாடி போடுங்க. டாக்டர் சான்று கொண்டாங்க. பரிசீலிச்சு லைசென்ஸைத் தபால்ல அனுப்புவோம்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

இதைக் கேட்டதும் சீல்காரருக்குச் சந்தேகமே போயிற்று. பேசுவது அசல் சர்க்கார்தான். மெல்ல நடந்து சுவர்ப்பக்கம் போனார். பெஞ்சுகளைத் தாண்டி, கடைசி பெஞ்சையும் தாண்டிய பிறகு, சிவப்புக் கலங்கல் எழுத்தாகக் கூடியது. ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம் இருக்கும்போலத் தோன்றியது அவருக்கு.

'இந்த அலுவலகம் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. அப்படி வந்தால் அது போலி.'

சீல்காரர் அதை இரண்டாம்முறை படிக்கவில்லை.

வெளியே வந்தார்கள். வண்டி பரீட்சைத் தடத்தில் கோணலாக நின்றது. ஓட்டக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது. இனி இதை யார் எடுப்பது என்று அவர் விழித்துக்கொண்டு நிற்க, மனைவி கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். பின்னாலேயே வந்த ஆய்வாளரிடம் காட்டினாள்.

"நான் எடுத்துட்டுப் போகலாமா சார்?"

"அட, நீங்களா!" என்று ஆய்வாளர் மலர்ந்தார். "நீங்க தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. அன்னிக்கு ஒரு குச்சிகூட விழாம இந்தத் தடத்துல ஓட்டிக் காட்டினது நீங்க மட்டும்தானே." கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மனைவி சீட்டை முன்னே இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, வண்டியைக் கிளப்பினாள். பரீட்சைத் தடத்திலிருந்து வெண்ணெய் வழுக்குவதுபோல வெளியே வந்தது கார்.

"எப்ப கத்துக்கிட்டே?"

"காலைல."

"காலைல நீ வாக்கிங் இல்ல போனே?"

"போனேனே. டிரைவிங் ஸ்கூல் வரைக்கும் நடந்துதான் போவேன். அப்புறம் உட்கார்ந்துதானே ஓட்டணும்? அப்படி இருந்தா இடுப்பு எங்கேருந்துங்க குறையும்?"

சீல்காரர் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொன்று உறுத்தியது.

"லைசென்ஸ் எடுக்க வந்தப்ப நீ அந்த போர்டைப் பார்த்திருப்பியே?"

"பார்க்காம? அதுக்கு எதிர் பெஞ்சுல அரை நாள் உட்கார வெச்சாங்க. மனப்பாடமே ஆயிடுச்சு."

"அப்ப அந்த மெயில் போலின்னு உனக்கு முன்னாடியே தெரியும்!"

"தெரியும். சொன்னேனே! பீன்ஸ் நறுக்கும்போதே சொன்னேன். அழிச்சிடுங்கன்னு சொன்னேன். ஆபீசுக்குப் போகாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நான் ஒரு வார்த்தையாவது பொய் சொன்னேனா?"

சீல்காரர் முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தார். எங்கே இடித்தது என்று தேடினார். அவள் சொன்னதெல்லாம் உண்மை. உண்மையை மட்டுமே சொல்லி ஒருத்தி எப்படி ஏமாற்ற முடியும்? அது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சிக்னலில் வண்டி நின்றது. மனைவியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எனக்குப் பயமா இருந்துச்சுங்க. பச்சைக் குழந்தை. நீங்க ஓட்டி ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் நீங்க உயிரோட இருக்கமாட்டீங்க. எனக்குத் தெரியும்."

சிக்னல் பச்சைக்கு மாறியதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை.

வண்டி நேராகக் கண் டாக்டர் தெருவுக்குள் போனது. கண்ணாடிக் கடைக்காரர் அவசரத்துக்கு இரங்கி, வெள்ளிக்கிழமைக்குள் கண்ணாடியைச் செய்து கொடுத்துவிட்டார். ரயில்வே பிளாட்பாரத்தில் முதல்முறையாக அதை மாட்டிக்கொண்டு நின்றார் சீல்காரர். ரயில் நின்றது. தூரத்தில், கடைசிப் பெட்டியிலிருந்து, ஒரு பெண் துணிச்சுருளோடு இறங்கினாள். வழக்கமாக அவள் பக்கத்தில் வந்து "அப்பா" என்ற பிறகுதான் அவருக்கு மகள் என்று தெரியும். இன்று அங்கேயே தெரிந்தது. அவள் இளைத்திருப்பது தெரிந்தது. துணிச்சுருளுக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை வெளியே வந்து காற்றைப் பிடிப்பதும் தெரிந்தது. சீல்காரர் கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் ஓடினார்.

வண்டியை மனைவி ஓட்டினாள். பின்சீட்டில் பேத்தி தாத்தாவின் மடியில் வந்தாள். ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த மடி கிடைத்திருக்காது என்று அவருக்கு வழியிலேயே தோன்றிவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெயித்ததாக ஆகிவிடும்.

"சிவப்பு, நில்லு" என்றார் முன்சீட்டைப் பார்த்து.

"நின்னுட்டுத்தான் இருக்கேங்க."

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். சீல்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர் முழுக்கப் பூச்சிக் கறை. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று ஆச்சரியப்பட்டார். அந்தப் பக்கமாக வந்த மனைவி அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கண்ணாடியைக் கழட்டி வெச்சிடுங்களேன். வெளியில போறப்ப போட்டாப் போதும். உங்களுக்கு நல்லாவே இல்ல. பாப்பா வேற பயந்துக்கப் போறா."

சீல்காரர் நிமிர்ந்தார். லைசென்ஸ்தான் போயிற்று, கொள்கை போகவில்லை.

அன்றிலிருந்து குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.